பின்னால் நின்று பார்த்தவள்

உங்களுக்குப் பின்னால் தொங்குகிற காலண்டர் இடது பக்கம் ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரமாக அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், வேறு எதிலும் மனம் போகவில்லை. எழுந்து கொஞ்சம் தூக்கிவிடுகிறீர்களா. இன்னும். இன்னும் கொஞ்சம். போதும்.

பார்த்தீர்களா, நிறுத்திவிட்டீர்கள். நீங்கள் அதிகாரி, நான் விசாரணைக்கு வந்தவள். ஆனாலும் நான் போதும் என்றதும் உங்கள் கை நின்றுவிட்டது. ஒட்டி நிற்கிறவருக்குக் கோணல் தெரியாது. பின்னால் இருக்கிறவருக்குத்தான் தெரியும். என் ஆயுசு முழுக்க நான் பார்த்த வேலை இதுதான். உங்கள் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, எல்லாப் படிவத்திலும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

என் தம்பியை நீங்கள் பத்திரிகைகளில் படித்து அறிந்திருப்பீர்கள். 'அரைகுறை' என்றால் இப்போது அது ஒரு பெரிய பெயர். அந்தப் பெயரை அவனுக்கு முதலில் வைத்தது எங்கள் அப்பா. படிப்பும் அரைகுறை, படமும் அரைகுறை என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்வார். முதல் கண்காட்சிக்கு வந்தபோதும் அதையே சொன்னார். பக்கத்தில் நின்ற விமர்சகர் ஒருவர் குறித்துக்கொண்டு போய், கட்டுரைக்கு அதையே தலைப்பாக வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அப்பா அவனைத் திட்ட வேறு வார்த்தை தேட வேண்டியதாயிற்று.

ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். அவனுக்குப் பிறவியிலேயே கிட்டப்பார்வை. அது யாருக்கும் தெரியாத வயதில், மூக்கு தாளில் உரசுகிற மாதிரி குனிந்து படம் வரைவான். பூனை வரைந்தால் முதலில் பூனை நன்றாகவே வந்துவிடும். பிறகு மீசை போடுவான். பிறகு ஒவ்வொரு முடியாகப் போடுவான். பூனை கறுத்து, உருண்டு, கரிக்கட்டையாகி, கடைசியில் தாள் கிழியும். கிழிந்ததும் அழுவான். அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "அடியே, போய் அவன் கையிலேருந்து பென்சிலைப் பிடுங்கு. இல்லன்னா அந்தப் பூனை செத்துப்போயிடும்."

நான் போய்ப் பிடுங்குவேன். பூனை பிழைத்துக்கொள்ளும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அவனுக்கு ஏழு.

பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி வந்தது. அதைப் போட்டாலும் நாலு முழத்துக்கு அப்பால் எல்லாம் மஞ்சு மூட்டம்தான். வேலை செய்யும்போது சாயம் தெறிக்கிறது என்று அதையும் கழற்றி வைத்துவிடுவான். ஆகவே அவனுடைய படங்களை அவன் முழுதாகப் பார்த்ததே கிடையாது. எறும்பு ஒரு சுவரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தான். அவனுக்குத் தூரம் என்றால் அது நான்தான்.

அவனுக்குப் புகழ் வாங்கித் தந்த முதல் படத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அப்போது நான் குடிநீர் வாரிய அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டு முன்னறையில் பதினோரு நாளாக ஒரு பெரிய சிவப்புப் படத்தோடு அவன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எட்டு நாற்பது பேருந்தை விட்டால் அடுத்தது ஒன்பது இருபதுக்குத்தான். வாசலில் ஒற்றைச் செருப்பைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தேன். "அக்கா, போதுமா?" என்றான். "போதும், போதும்" என்றேன். தூரிகையைக் கீழே வைத்துவிட்டான். இடது மேல் மூலையில் இரண்டு கை அகலத்துக்கு வெறும் துணி.

அந்த வெறும் துணியைப் பற்றி விமர்சகர் நான்கு பக்கம் எழுதினார். இந்த நூற்றாண்டு பேச மறந்ததை எல்லாம் அந்த மூலை பேசுகிறதாம். நான் அதைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை. பேருந்து தினமும்தான் வந்தது. செருப்பு தினமும்தான் தொலைந்தது. மற்ற பத்து நாளும் இன்னும், இன்னும் என்று சொன்னவள் அன்றைக்கு மட்டும் ஏன் போதும் என்றேன்? உள்ளே ஏதோ ஒன்று கண்டுகொண்டிருக்க வேண்டும். செருப்புத் தேடுகிறவளின் கண்ணும் கண்தானே.

அந்த மாதமே வேலையை விட்டேன்.

ஓவியக்கூடம் உங்களுக்குத் தெரியும். கீழே படங்களுக்குச் சட்டம் போடுகிறவரின் கடை, மேலே முன்பு அச்சகமாக இருந்த நீளக் கூடம். எதிர்ச் சுவரோரம் என் முக்காலி. கேன்வாஸுக்கும் முக்காலிக்கும் நடுவே பதினெட்டு அடி. நானே அளந்து தரையில் கோடு போட்டேன். அவன் திரும்பிப் பார்க்கவே மாட்டான். "அக்கா?" என்பான். "இன்னும்" என்பேன். ஒரு மணி நேரம் கழித்து, "அக்கா?" "இன்னும்." மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ, "போதும்." முப்பது வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சில் பாதி இதுதான். ஊடகக்காரர்கள் வந்து, எங்கே நிறுத்துவது என்று உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்பார்கள். அவன் மோவாயால் என்னைக் காட்டுவான். அவர்கள் சிரிப்பார்கள், கலைஞருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று எழுதுவார்கள். ஒரு பத்திரிகை என் படத்தையும் போட்டது. கீழே 'தேநீருடன் சகோதரி' என்று இருந்தது. அன்று என் கையில் இருந்தது சாயத்தைக் கரைத்துத் துடைக்கிற டர்பன்டைன் டப்பா.

எனக்கு அதில் வருத்தம் இருந்ததாக எழுதாதீர்கள். படத்தை மாட்டுகிற ஆணி படத்துக்கு முன்னால் தெரியக் கூடாது.

அவன் மனைவியிடம் நீங்கள் பேசியிருப்பதாகச் சொன்னீர்கள். நான்கு வருடம் இருந்தாள், நல்ல பெண். போகும்போது என்ன சொன்னாள் என்று அவளே சொல்லியிருப்பாள். ஒரு நாள் சாப்பிடும்போது அவள் அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட வந்தாள். நான், "அவனுக்குப் போதும்" என்றேன். வாய் தவறி வந்தது, பழக்கம். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணி, இவர் தூங்கினா எழுந்திரிக்கவும் நீங்கதான் சொல்லணுமா? நான் எதுக்கு இந்த வீட்ல, தட்டு கழுவவா?" என்றாள். அவன் சிரித்துவிட்டான். அவன் சிரித்திருக்கக் கூடாது. என்னால்தான் போனாள் என்று சிலர் சொல்வார்கள். நான் கரண்டியைப் பற்றித்தான் பேசினேன்.

ஒரே ஒரு முறை நான் அவனை விட்டு விலகி இருந்திருக்கிறேன். பித்தப்பைக் கல்லுக்கு அறுவை செய்துகொண்டேன். ஒன்பது நாள் மருத்துவமனை. திரும்பி வந்தபோது அவன் கேன்வாஸுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒன்பது நாளும் நிறுத்தாமல் போட்டிருக்கிறான். சாயத்துக்கு மேல் சாயம், எல்லாம் சேர்ந்து தட்டுக் கழுவின தண்ணீர் நிறமாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் குழந்தை போல, "நீ இல்லாம எங்க நிறுத்தறதுன்னே தெரியலக்கா" என்றான். வயிற்றில் தையல் இழுத்தது. ஆனால் அவ்வளவு நிம்மதியாக நான் எந்த வாக்கியத்தையும் கேட்டதில்லை. அந்தப் படத்தை எடுத்து அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.

இனி போன வருடத்துக்கு வருகிறேன். உங்கள் பேனா நிற்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள். நான் காத்திருக்கிறேன்.

போன வருடம் அவனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இக்காலத்தில் அது ஒன்றுமே இல்லை, காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம். உள்ளே வைக்கிற வில்லையைக் கிட்டப்பார்வைக்கும் சேர்த்து வைத்துவிட்டார் மருத்துவர். யாரும் கேட்கவில்லை, அவராகச் செய்த உபகாரம். கட்டுப் பிரித்த அன்று அவன் ஜன்னலில் நின்று எதிர்க் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டி வாசித்தான். முடி திருத்தகம். ஞாயிறு விடுமுறை. உள்ளே வரவும். ஐம்பத்தாறு வயது ஆள், ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி. பிறகு திரும்பினான். நான் முக்காலியில் இருந்தேன்.

"அக்கா, உனக்கு எப்பக்கா இவ்வளவு நரைச்சுது?"

"பத்து வருஷம் ஆச்சு."

"சொல்லவே இல்லையே."

"நரை என்ன, சொல்லிட்டா வரும்?"

சிரித்தோம். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. பதினெட்டு அடிக்கு அப்பாலிருந்து யாரும் என்னைப் பார்த்ததில்லை. அந்த இடத்திலிருந்து நான்தான் பார்ப்பேன்.

அடுத்த வாரம், அவன் படங்களை விற்றுக்கொடுக்கிற கேலரிக்காரர் முப்பதாண்டுக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினார். பல பேரிடம் போன படங்கள் பெட்டி பெட்டியாகக் கூடத்துக்கு வந்தன. தம்பி அவற்றை வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றின் முன்னாலிருந்தும் பின்பக்கமாகவே நான்கு எட்டு நடந்து போவான். புதுப் பழக்கம். பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பான். சொந்தப் பிள்ளைகளை முதன்முதலில் பார்க்கிற மாதிரி. சிவப்புப் படத்தின் மூலையைக் காட்டி, "இந்த எடத்துல ஏன்க்கா நிறுத்தச் சொன்ன?" என்றான்.

பேருந்து என்று சொல்ல முடியுமா. "அங்க முடிஞ்சிருச்சு" என்றேன்.

"அப்படியா" என்றான். அவ்வளவுதான். அந்த 'அப்படியா'வை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அப்போது நான் முடிவு செய்தேன், இவன் பழைய படங்களை எல்லாம் தொடப் போகிறான் என்று. மூலைகளை நிரப்பிவிடுவான். பூனைக்கு முடி போடுவான். முப்பது வருட வேலை கரிக்கட்டையாகிவிடும். அவன் ஒரு படத்தையும் தொடவில்லை, தொடப்போவதில்லை என்று கடிதமே எழுதித் தந்தான் என்று கேலரிக்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். தொட்டிருப்பான். தம்பியை அவரைவிட எனக்குத் தெரியும்.

அலமாரியை நகர்த்தியபோது அந்த ஒன்பது நாள் படமும் கிடைத்துவிட்டது. "யாரு இதத் திருப்பி வெச்சது?" என்றான். "நான்தான். கெட்டுப்போனது அது" என்றேன். அதைச் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் நடந்தான். நான்கு எட்டு, ஐந்து எட்டு. என் முக்காலி வரை வந்துவிட்டான். என் தோளை இடித்துக்கொண்டு நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இல்லக்கா. கெட்டுப்போகல. இது மரம். மழையில நிக்கிற மரம். நல்லாத்தானே இருக்கு."

எனக்கு ஒரு மரமும் தெரியவில்லை என்றேன். உண்மையில், மருத்துவமனையிலிருந்து வந்த அன்றே அந்த மரத்தைப் பார்த்துவிட்டேன். இதை எழுதிக்கொள்ள வேண்டாம். வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.

பிறகு அவன் கண்காட்சிக்காகச் சுவர் அளவுக்கு ஒரு புதுப் படம் தொடங்கினான். "இந்த ஒண்ண மட்டும் நானே பாத்துக்கறேன்க்கா. நீ எவ்வளவு நாள் அந்த முக்காலியில முதுகு ஒடிய ஒக்காருவ" என்றான். எனக்காக மெத்தை வைத்த ஒரு நாற்காலி வாங்கி வந்தான். நல்ல நாற்காலி, குறை சொல்ல முடியாது. அதை ஜன்னலோரம், தெருவைப் பார்க்கப் போட்டான்.

தெருவைப் பார்க்க.

சாரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பெரிய படங்களுக்கு அவன் சக்கரம் வைத்த சாரத்தில் ஏறித்தான் வேலை செய்வான். பத்தடி உயரம், நிற்கிற பலகை இரண்டரை அடி அகலம். அதில் என் வேலை இரண்டு. அவன் ஏறியதும் சக்கரங்களைக் காலால் பூட்டுவது. பிறகு பின்பக்கக் கம்பியை ஒரு நீளக் கழியால் தூக்கி, அவன் முதுகுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டுவது. "ம்?" என்பான். "ம்" என்பேன். அதற்கு அப்புறம்தான் தூரிகையை எடுப்பான். பழைய நாளில் அந்தக் கம்பி சும்மா ஒரு அலங்காரம். அவன் கேன்வாஸிலிருந்து ஒரு சாண் கூட விலகியதில்லை, பின்னால் போய்ப் பார்க்க அவனுக்குக் காரணமே இல்லை. புதுக் கண் வந்த பிறகு சாரத்திலும் பின்னால் போக ஆரம்பித்தான். கீழே நடக்கிற ஞாபகத்தில் இரண்டு எட்டு வைப்பான், கம்பி முதுகில் இடிக்கும். "நல்லவேளை, கம்பி இருக்கு" என்று சிரிப்பான். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு எண்ணுவேன். ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது தடவை இடிக்கும்.

அன்று காலை பத்தரைக்கு ஏறினான். சக்கரங்களைப் பூட்டினேன், நான்கையும். அதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். கம்பி சுவரில் சாய்ந்திருந்தது. "ம்?" என்றான். "ம்" என்றேன்.

பிறகு மெத்தை நாற்காலியில் உட்காரவில்லை. பழைய முக்காலிக்குப் போனேன். படத்தை முதன்முறையாக என் இடத்திலிருந்து பார்த்தேன். கிட்டே இருந்து பார்த்தால் பழுப்பும் சாம்பலும் திட்டுத் திட்டாக, ஒன்றும் புரியாது. பதினெட்டு அடியிலிருந்து படத்துக்குள் ஒரு கூடம் தெரிந்தது. எதிர்ச் சுவர் தெரிந்தது. சுவரோரம் முக்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நரை உட்பட எல்லாம் இருந்தது. அவள் முகத்தில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள், எனக்குச் சொல்லத் தெரியாது. என்னை யாரும் அவ்வளவு பொறுமையாகப் பார்த்ததில்லை. நான்கு மூலையும் நிரம்பியிருந்தது. இன்னும் ஒரு கோடு வேண்டியதில்லை. ஒரு கோடு எடுக்கவும் வேண்டியதில்லை.

நான் போதும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டான். "முடிஞ்சிருச்சு" என்றான். கேள்வி இல்லை. அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகுதான் என் ஞாபகம் வந்து, படத்தைப் பார்த்தபடியே, "எப்படிக்கா இருக்கு?" என்றான்.

ஏன் அந்த நேரம் பார்த்து அவன் பின்னால் நகர்ந்தான் என்று மூன்று தடவை கேட்டீர்கள். மூன்று தடவையும் தெரியாது என்றேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை, கேள்வி சங்கடமாக இருந்தது, அவ்வளவுதான். நான் அவனிடம், "கிட்ட நின்னா எப்படித் தெரியும்? இன்னும் கொஞ்சம் பின்னால போய்ப் பாரு" என்றேன்.

சிறு வயதிலிருந்தே அவன் நான் சொன்னதைத் தட்டியதில்லை.

இனி உங்களுடைய இருபத்தைந்து நிமிடக் கணக்கு. கீழ்க்கடைக்காரர் பதினொன்று பத்துக்குச் சத்தம் கேட்டதாகவும், மரம் அறுக்கிற மெஷின் ஓடியதால் ஏதோ பெட்டி விழுந்தது என்று நினைத்ததாகவும் சொல்லியிருக்கிறார். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது பதினொன்று முப்பத்தைந்துக்கு. அவன் சட்டையில், ரத்தத்துக்கு மேலே, சாயம் கலந்த டர்பன்டைன் சொட்டியிருக்கிற புகைப்படத்தையும் காட்டினீர்கள். நல்ல புகைப்படம். வெளிச்சம் சரியாக இருக்கிறது.

சாரத்தில் ஏறினேன். எனக்கு அறுபத்தொரு வயது, முழங்கால் வலி, அதனால் நேரமாயிற்று. டப்பாவில் துணியை நனைத்தேன். அது அப்படியே கண்காட்சிக்குப் போயிருந்தால் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முப்பது வருடம் நிறுத்தத் தெரிந்தவன் கடைசியில் எல்லாரையும் போல முழுப் படம் போட்டுவிட்டான் என்பார்கள். அவன் பெயர் என்ன ஆவது. நான் முகத்தை மட்டும்தான் துடைத்தேன், இரண்டு கை அகலத்துக்கு. நீங்களும் போய்ப் பார்த்திருப்பீர்கள், கூட்டம் அலைமோதுகிறதாம். அந்த முகமில்லாத இடம்தான் அவன் வாழ்நாளிலேயே துணிச்சலான நிறுத்தம் என்று அதே விமர்சகர் எழுதியிருக்கிறார். இந்தத் தடவை ஆறு பக்கம்.

ஆமாம், அப்போது அவனுக்கு உயிர் இருந்தது. கீழே மல்லாந்து கிடந்தான், கண் திறந்திருந்தது. பத்தடிக்குக் கீழே இருந்து பார்த்தாலும் அந்தக் கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கும். மருத்துவர் அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார். நான் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "போதும்க்கா" என்றான்.

கேள்வியாக இல்லாமல் அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை. ஆனால் பாவம், எங்கே நிறுத்துவது என்று அவனுக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. துடைத்து முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.